டிரக்கின் முதுகில் ஒரு ப்ளக் பாயின்ட்

2021 பிப்ரவரி 15, திங்கட்கிழமை. நள்ளிரவு தாண்டி 1.20 மணி. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கடுமையான பனிப்புயல். மாநிலத்தின் மின்கட்டமைப்பை நிர்வகிக்கும் எர்காட் அமைப்பு, உச்சகட்ட அவசரநிலையை அறிவித்து வரிசையாக ஊர்களை இருட்டாக்கத் தொடங்குகிறது.

அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸில் ஓட வேண்டும், அதாவது விநாடிக்கு 60 சுற்று. கேட்பவர்கள் அதிகமாகி, தருகிற மின்நிலையங்கள் குறைந்தால் இந்த எண் இறங்கும். பாரம் கூடிய வண்டியை மேட்டில் இழுக்கும் மாடு நடை தளர்வதைப் போல, எல்லா ஜெனரேட்டர்களும் சேர்ந்தே மெதுவாகும். அன்று இரவு அது 59.4-க்குக் கீழே போய் 4 நிமிடம் 23 விநாடி அங்கேயே நின்றது. 9 நிமிடம் அப்படி நின்றிருந்தால் மின்நிலையங்கள் தங்களைக் காத்துக்கொள்ள ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கும். மொத்த டெக்சஸும் அணைந்திருக்கும். திரும்ப எழுப்ப வாரங்கள் ஆகியிருக்கலாம். அதைத் தடுக்கத்தான் ஒரு கட்டத்தில் 20,000 மெகாவாட் வரை வெட்டினார்கள். 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் விளக்கு போனது. சில மணி நேரத்தில் வந்துவிடும் என்று காத்திருந்தவர்களில் பலருக்கு மூன்று நாள், நான்கு நாள் வரவில்லை. வெளியே உறைநிலைக்கும் கீழே குளிர்.

அந்த வாரத்தில் ஃபோர்டு கம்பெனி டெக்சஸ் டீலர்களுக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பியது. கடைவாசலில் விற்பனைக்கு நிற்கும் புதிய எஃப்-150 பிக்கப் டிரக்குகளில், வீட்டு மின்சாரம் தரும் ப்ளக் பாயின்ட் பொருத்தியவை எவையோ அவற்றைத் தேவைப்படுகிறவர்களுக்கு இரவல் கொடுங்கள் என்று. மாநிலம் முழுக்கத் தேடினாலும் அப்படிப்பட்ட வண்டிகள் நானூற்றுச் சொச்சம்தான்.

அந்த நாட்களில் ஒரு காட்சி உலகமெங்கும் பரவியது. பனி மூடிய முற்றத்தில் ஒரு டிரக் நிற்கிறது. இன்ஜின் ஓடுகிறது. பின்பெட்டியிலிருந்து ஆரஞ்சு நிற ஒயர் ஒன்று பனியின் மேல் ஊர்ந்து கதவிடுக்கு வழியாக உள்ளே போகிறது. உள்ளே ஃபிரிட்ஜ், இரண்டு விளக்கு, ஒரு ஹீட்டர். பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: அட, வண்டியே வீட்டுக்குக் கரன்ட் கொடுக்குதே, என்ன ஒரு புதுமை!

புதுமைதான். ஆனால் இதே அமெரிக்காவில், நூறு வருஷத்துக்கு முன்னால், இது புதுமையே இல்லை.

*

1908-இல் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. 1927-இல் உற்பத்தியை நிறுத்தும்போது ஒன்றரைக் கோடி கார்களைத் தாண்டிவிட்டிருந்தார்கள். அவற்றில் கணிசமானவற்றை வாங்கியவர்கள் விவசாயிகள். 1920-இன் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரண்டு எண்கள் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். கார் வைத்திருந்த பண்ணைகள், ஏறக்குறைய 30 சதவீதம். மின்விளக்கோ வாயுவிளக்கோ இருந்த பண்ணைகள், 7 சதவீதம்.

யோசிச்சுப் பாருங்க. வாசலில் கார் நிற்கிறது, வீட்டுக்குள்ளே மண்ணெண்ணெய் விளக்கு எரிகிறது. பம்பு கையால் அடிக்க வேண்டியது. துணி கையால் துவைக்க வேண்டியது. ஆனால் முற்றத்தில் 20 குதிரைத்திறன் சும்மா நின்றுகொண்டிருக்கிறது. விவசாயி எத்தனை நாள்தான் அதைச் சும்மா விடுவான்?

செய்முறை எளிமையானது. காரின் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். மற்றொரு சக்கரம் தரையில் அசையாமல் நிற்க வேண்டும். இன்ஜினை ஓட்டினால், டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பின் இயல்புப்படி, தூக்கிய சக்கரம் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். அதன் மேல் ஒரு பெல்ட்டை மாட்டினால் போதும். பெல்ட்டின் மறுமுனையில் மரம் அறுக்கும் ரம்பம், சோளம் அரைக்கும் மில், தண்ணீர் இறைக்கும் பம்பு, வெண்ணெய் கடையும் பீப்பாய், துணி துவைக்கும் இயந்திரம், எது வேண்டுமானாலும் இருக்கலாம். சிறிய டைனமோவை மாட்டி மின்சாரம் எடுத்தவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போன கார், திங்கட்கிழமை துணி துவைத்தது.

ரொனால்ட் க்லைன், ட்ரெவர் பின்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். தொழில்நுட்ப வரலாறு படிக்கிறவர்கள் இன்றும் புரட்டும் கட்டுரை. அவர்கள் வாதத்தின் சாரம் இது: ஒரு பொருள் என்ன என்பதை அதைச் செய்தவர் மட்டும் தீர்மானிப்பதில்லை, வாங்கியவரும் தீர்மானிக்கிறார். தொழிற்சாலையைப் பொறுத்தவரை கார் என்பது போக்குவரத்து வாகனம். விவசாயியைப் பொறுத்தவரை அது சக்கரம் வைத்த இன்ஜின். இன்ஜின் என்றால் வேலை செய்யணும், அவ்வளவுதான். பின்னால் கடைகளில் இதற்கென்றே தனிப் பொருத்திகள் விற்பனைக்கு வந்தன. ஆனால் முதலில் ஜாக்கியைத் தூக்கியது பண்ணைக்காரன் கைதான்.

கொஞ்சம் வசதியானவர்களுக்கு வேறு வழி இருந்தது. 1916-இல் டெல்கோ-லைட் என்ற கருவி சந்தைக்கு வந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் சார்ல்ஸ் கெட்டரிங். கைப்பிடியைச் சுற்றி இன்ஜினைக் கிளப்பிக்கொண்டிருந்த காலத்தில், பட்டனை அழுத்தினால் கிளம்பும் மின் ஸ்டார்ட்டரை 1912-இன் கேடிலாக் காருக்குக் கொடுத்தவரும் அவர்தான். டெல்கோ-லைட் என்பது ஒரு சின்ன இன்ஜின், ஒரு ஜெனரேட்டர், கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக பேட்டரிகள். 32 வோல்ட் நேர்மின்சாரம். அந்த 32 வோல்ட்டுக்கென்றே தனி பல்பு, தனி இஸ்திரிப்பெட்டி, தனி ரேடியோ விற்றார்கள். ஒரு பண்ணை, ஒரு மின்நிலையம். இதுவும் வாங்க முடியாதவர்கள் மாலையில் காரின் பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் ரேடியோவில் மாட்டினார்கள். செய்தியும் பாட்டும் கேட்டுவிட்டு, காலையில் மறுபடி காரில் மாட்டினார்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது ஒரு பக்கம் ரசனையாகத்தான் இருக்கிறது. மறுபக்கம், இவ்வளவு தந்திரம் எதற்குத் தேவைப்பட்டது என்ற கேள்வியும் வருகிறது. 20 மைல் தள்ளி நகரத்தில் தெருவிளக்கு எரிகிறதே?

*

காரணம் தூரம். இன்னும் சரியாகச் சொன்னால், தூரத்தின் விலை.

நகரத்தில் ஒரு மைல் கம்பி இழுத்தால் நூற்றுக்கணக்கான வீடுகள் கிடைக்கும். கிராமத்தில் ஒரு மைலுக்கு இரண்டு வீடு, மூன்று வீடு. தனியார் மின்கம்பெனிகள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வர மறுத்தன. வந்தாலும் கம்பம் நடும் செலவை விவசாயியே கொடுக்கணும் என்றன. 1930-களின் நடுவில் அமெரிக்க நகர வீடுகளில் பத்தில் ஒன்பதில் மின்சாரம் இருந்தது. பண்ணைகளில் பத்தில் ஒன்றில்தான்.

1935 மே 11 அன்று அதிபர் ஃபிராங்க்லின் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையின் மூலம் கிராமப்புற மின்மயமாக்கல் நிர்வாகத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டு அதற்குச் சட்டமும் வந்தது. தனியார் கம்பெனிகள் ஆர்வம் காட்டாததால் விவசாயிகள் தாங்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அரசு குறைந்த வட்டியில் கடன் கொடுத்தது. உறுப்பினராகச் சேர 5 டாலர். அந்தப் பஞ்ச காலத்தில் 5 டாலர் பெரிய பணம். பக்கத்துப் பண்ணைக்காரனிடம் போய், "நீயும் கட்டு, அப்பத்தான் நமக்குக் கம்பி வரும்" என்று கெஞ்ச வேண்டியிருந்தது. ஏனென்றால் ஒருத்தன் மட்டும் கட்டினால் கம்பி வராது.

டெக்சஸின் நடுவே ஹில் கன்ட்ரி என்ற மலைப்பாங்கான வறண்ட பகுதி. பின்னாளில் அதிபரான லிண்டன் ஜான்சனின் சொந்த ஊர்ப்பக்கம். ராபர்ட் காரோ 1982-இல் வெளியிட்ட ஜான்சன் வாழ்க்கை வரலாற்றின் முதல் தொகுதியில், மின்சாரம் வருவதற்கு முன்னால் அந்த ஊர்ப் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். ஒரு பண்ணைக் குடும்பத்துக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 200 கேலன் தண்ணீர், அதாவது சுமார் 750 லிட்டர் வேண்டும். கிணற்றிலிருந்து இறைத்துத் தூக்கிச் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். கோடையிலும் விறகடுப்பை மூட்டி அதன் மேல் இரும்பு இஸ்திரிக்கட்டியைச் சூடாக்க வேண்டும். நடுத்தர வயதிலேயே முதுகு கூன் விழுந்துவிடும். இருட்டு என்றால் அங்கே வெறும் வெளிச்சமின்மை இல்லை. அது முதுகுவலி.

அந்தப் பகுதியில் வீடுகள் மிகவும் விலகி விலகி இருந்தன. மைலுக்கு மூன்று வீடாவது இருக்க வேண்டும் என்ற விதிக்குள் அவர்களால் வர முடியவில்லை. அப்போது இளம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஜான்சன் நேராக ரூஸ்வெல்ட்டிடமே போய் விலக்கு வாங்கினார். 1938-இல் பெடர்னேலஸ் மின் கூட்டுறவுச் சங்கம் உருவானது. 1939-இல் விளக்கு எரிந்தது.

அதன் பிறகு நடந்ததை ஒரு வரியில் சொல்லிவிடலாம். 1950-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கம்பி வந்துவிட்டது. காரின் பின்சக்கரத்தில் இருந்த பெல்ட் கழன்று விழுந்தது. தேவையில்லையே.

*

வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கும் யோசனை மட்டும் சாகவில்லை. அவ்வப்போது தலைகாட்டிக்கொண்டே இருந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல் வில்லிஸ் கம்பெனி ராணுவ ஜீப்பைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியபோது, அதை டிராக்டர், சின்ன லாரி, பயண வண்டி, நடமாடும் சக்திநிலையம் என்று நான்கு வேலைக்காரனாக விளம்பரம் செய்தது. 1954-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி, ஜெனரல் எலக்ட்ரிக்குடன் சேர்ந்து எலக்ட்ரால் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. டிராக்டரின் மேலேயே ஒரு ஜெனரேட்டர். வயலில் வைக்கோல் கட்டும் இயந்திரத்தை மின்மோட்டாரில் ஓட்டலாம். தேவைப்பட்டால் பண்ணைக்கும் கொடுக்கலாம். நல்ல யோசனை. ஆனால் எடுபடவில்லை. சில வருஷங்களில் மறைந்துவிட்டது. வீட்டுச் சுவரிலேயே ப்ளக் பாயின்ட் வந்துவிட்ட நேரத்தில், டிராக்டரில் எதற்கு இன்னொன்று?

கார்களுக்குள்ளே மிஞ்சியது ஒரே ஓர் ஓட்டை. சிகரெட் பற்றவைக்கும் லைட்டரின் குழி. 1950-களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. அதன்பின் சிகரெட் பிடிக்காதவர்களும் அந்தக் குழியில் எதையெதையோ மாட்டத் தொடங்கினார்கள். ஆனால் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் வீட்டுச் சாமான் ஓடாது. வீட்டுக்கு வேண்டியது 120 வோல்ட் மாறுமின்சாரம். நடுவில் ஓர் இன்வர்ட்டர் வேண்டும்.

இன்வர்ட்டர் என்றதும் நம்மில் பலருக்கு ஹாலின் மூலையில் உட்கார்ந்து கரன்ட் போனதும் 'டக்' என்று சத்தம் போடும் பெட்டி ஞாபகம் வரும். அதே ஆள்தான். பேட்டரியில் இருக்கும் மின்சாரம் ஒரே திசையில் ஓடும். அதை டிரான்சிஸ்டர்கள் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி விட்டு, அலையாக மாற்றுகின்றன. மலிவான இன்வர்ட்டரில் அந்த அலை படிக்கட்டு மாதிரி கரடுமுரடாக இருக்கும். ஃபேன் முனகும். நல்ல இன்வர்ட்டரில் அலை வழவழப்பாக இருக்கும். சுவரில் வருவதற்கும் அதற்கும் சாமான்களுக்கு வித்தியாசம் தெரியாது.

நவீன பிக்கப் டிரக்கில் வீட்டு மின்சாரம் சொல்லிக்கொள்ளும்படி வந்தது 2000-களின் நடுவில். ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட ஷெவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியரா ஹைப்ரிட் டிரக்குகளில் நான்கு ப்ளக் பாயின்ட்டுகள் இருந்தன. மொத்தம் 2,400 வாட். எரிபொருள் சிக்கனத்தில் பெரிய சாதனை எதுவும் இல்லை. ஆனால் கட்டுமான வேலைக்காரர்களுக்கு அந்தப் ப்ளக் பிடித்திருந்தது. தனி ஜெனரேட்டரை ஏற்றி இறக்க வேண்டாம், ரம்பத்தையும் துளைபோடும் மெஷினையும் நேராக வண்டியில் மாட்டிக்கொள்ளலாம். 2005 மாடல் டொயோட்டா டகோமாவின் பின்பெட்டியிலும் ஒன்று வந்தது. 400 வாட், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது 100 வாட்தான். கேம்ப் போகிறவர்களுக்கான வசதி என்றுதான் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

இது வசதி மட்டுமல்ல என்று முதலில் பெரிய அளவில் புரிந்தது ஜப்பானில். டொயோட்டாவின் எஸ்டிமா ஹைப்ரிட் என்ற குடும்ப வேனில் 2001 முதலே 1,500 வாட் ப்ளக் பாயின்ட் இருந்தது. 2011 மார்ச் 11 பூகம்பமும் சுனாமியும் வந்து வடகிழக்கு ஜப்பான் இருண்டபோது, அந்த வேன்கள் செல்போன்களுக்கும் அடுப்புகளுக்கும் மின்சாரம் கொடுத்தன. அதற்குப் பிறகு ஜப்பானியக் கம்பெனிகள் இதைப் பேரிடர்ச் சாதனமாகவே எண்ணி வடிவமைக்க ஆரம்பித்தன. மின்சாரக் காரிலிருந்து வீட்டுக்கே மின்சாரம் தரும் கருவியை நிசான் 2012-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஃபோர்டு எஃப்-150-இன் 2021 மாடல் ஹைப்ரிடில் வந்தது இதன் பெரிய வடிவம். 7.2 கிலோவாட். பின்பெட்டியில் நான்கு 120 வோல்ட் பாயின்ட், ஒரு 240 வோல்ட் பாயின்ட். உள்ளே இருக்கும் பேட்டரி 1.5 யூனிட்தான் பிடிக்கும், அது தீரத் தீர இன்ஜின் தானாகக் கிளம்பி நிரப்பிக்கொள்ளும். டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தால் முழு பாரத்தில் 32 மணி நேரம் வரை தாங்கும் என்பது கம்பெனியின் கணக்கு. டெக்சஸில் விளக்கு போனபோது இந்த மாடல் சந்தைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதனால்தான் நானூற்றுச் சொச்சம்.

*

7.2 கிலோவாட் என்றால் நடைமுறையில் என்ன?

ஃபிரிட்ஜ் ஓடும்போது 150, 200 வாட் எடுக்கும். ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். சின்ன அறை ஹீட்டர் 1,500 வாட். சமையல் எரிவாயுவில் சூடேற்றும் வீடாக இருந்தாலும், சூட்டை அறைகளுக்குத் தள்ளும் காற்றாடிக்கு மின்சாரம் வேண்டும், அதற்குச் சில நூறு வாட். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் 300 முதல் 400 வாட். கடைசியாகச் சொன்ன எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். டகோமாவின் பின்பெட்டியில் கேம்ப் காபிக்காக வைத்த அந்தக் குட்டிப் ப்ளக், ஒருவரை மூச்சுவிட வைக்கப் போதுமானது.

அந்தப் பிப்ரவரியில் டெக்சஸ் மாநில சுகாதாரத்துறையின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். பெரும்பான்மை குளிரால். மின்சாரத்தை நம்பி ஓடும் மருத்துவக் கருவிகள் நின்றுபோனதால் இறந்தவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு விஷத்தால் இறந்தவர்களும் இருக்கிறார்கள். குளிர் தாங்காமல் வீட்டுக்குள்ளேயே கரி அடுப்பு மூட்டியவர்கள், ஜெனரேட்டரை உள்ளே வைத்து ஓட்டியவர்கள், மூடிய கராஜில் காரைக் கிளப்பி அதற்குள் உட்கார்ந்தவர்கள். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கம் வருவதுபோல வரும், அவ்வளவுதான்.

அதனால் டிரக்கில் ப்ளக் இருக்கிறது என்பதற்காக அதைக் கராஜுக்குள் நிறுத்தி ஓட்டக் கூடாது. கதவைத் திறந்து வைத்திருந்தாலும் கூடாது. வண்டி வெளியே, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி. இது முதல் பாடம்.

இரண்டாவது ஆபத்து நம் உயிருக்கு இல்லை, முகம் தெரியாத ஒருவருக்கு. டிரக்கிலிருந்து வரும் ஒயரின் இரண்டு முனையிலும் ஆண் ப்ளக் வைத்து, வீட்டுச் சுவரில் இருக்கும் பாயின்ட்டிலேயே குத்திவிட்டால் வீடு முழுக்க விளக்கு எரியும். பலரும் செய்கிறார்கள். அமெரிக்க எலக்ட்ரீஷியன்கள் அந்த ஒயருக்குத் தற்கொலை ஒயர் என்றே பேர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது கொலை ஒயரும்கூட. அந்த மின்சாரம் வீட்டோடு நிற்காது. மெயின் வழியாக வெளியேறி, தெரு டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாகக் கம்பிக்குப் போகும். கரன்ட் இல்லை என்று நம்பி அங்கே ஒரு லைன்மேன் கைவைத்துக்கொண்டிருப்பார். இதைத் தடுப்பது சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச். ஒன்று தெருக் கம்பி, இல்லையென்றால் டிரக். இரண்டும் ஒருசேர முடியாது.

சேஞ்ச்ஓவர் போட்ட பிறகும் சில வீடுகளில் டிரக்கின் ப்ளக் அடிக்கடி ட்ரிப் ஆகும். வண்டி பழுது என்று நினைக்கத் தோன்றும். பழுதில்லை. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு பாதுகாப்புக் கருவி அந்தப் ப்ளக்கில் இருக்கிறது. 1961-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் டால்சீல் கண்டுபிடித்தது. 5 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிந்தாலே, யார் உடம்பு வழியாகவோ போகிறது என்று எண்ணிச் சட்டென்று துண்டித்துவிடும். வண்டியில் நியூட்ரலும் எர்த்தும் ஓரிடத்தில் இணைந்திருக்கும். வீட்டிலும் ஓரிடத்தில் இணைந்திருக்கும். இரண்டையும் சேர்த்தால் மின்சாரம் திரும்பிப் போக இரண்டு வழி உண்டாகிறது. கணக்கு உதைக்கிறது, கருவி துண்டிக்கிறது. நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச்ஓவர் போட்டால் சரியாகிவிடும். எலக்ட்ரீஷியனிடம் விட வேண்டிய வேலை.

இந்தத் தொழில்நுட்பத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். தனியாக இருக்கும்வரை வண்டிக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. வீட்டோடு இணையும்போதுதான் விதிகள் வருகின்றன. மற்றவர்கள் வருகிறார்கள். லைன்மேன் வருகிறார்.

*

டெக்சஸ் ஏன் அப்படி இருண்டது?

ரூஸ்வெல்ட் கிராமங்களுக்குக் கம்பி இழுக்க ஆணையிட்ட அதே 1935-இல் இன்னொரு சட்டமும் வந்தது. மாநில எல்லையைத் தாண்டி மின்சாரம் விற்றால் மத்திய அரசின் கட்டுப்பாட்டுக்குள் வர வேண்டும் என்றது அது. டெக்சஸின் மின்கம்பெனிகள் அந்தக் கட்டுப்பாட்டை விரும்பவில்லை. எல்லையைத் தாண்டாமல் தங்களுக்குள்ளேயே பின்னிக்கொண்டன. அந்தத் தனிவலைதான் இன்று எர்காட் நிர்வகிப்பது. அக்கம்பக்கத்து மாநிலங்களோடு மெல்லிய சில இணைப்புகள் மட்டுமே உண்டு. 2011 பிப்ரவரியில் குளிரால் இதேபோல மின்வெட்டு வந்தபோது, மின்நிலையங்களையும் எரிவாயுக் குழாய்களையும் குளிர்தாங்கும்படி செய்யுங்கள் என்று மத்திய ஆய்வறிக்கை சொன்னது. கட்டாயமில்லை என்பதால் பெரும்பாலானவர்கள் செய்யவில்லை. பத்து வருஷம் கழித்து எரிவாயு வராமல், இயந்திரங்கள் உறைந்து, எல்லாம் ஒருசேர நின்றன. அதே மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் எல் பாசோ நகரம் வேறொரு வலையில், மேற்கு மாநிலங்களோடு இணைந்திருந்தது. 2011-க்குப் பிறகு குளிருக்குத் தயாராகவும் ஆகியிருந்தது. அங்கே பெரும்பாலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

1939-இல் விளக்கு ஏற்றிய பெடர்னேலஸ் கூட்டுறவும், 2021-இல் வெட்டு உத்தரவை நிறைவேற்ற வேண்டியிருந்தது. ஹில் கன்ட்ரியில் மறுபடி இருட்டு.

அதற்குப் பிறகு இரண்டு விஷயங்கள் நடந்தன. 2021 மே 19 அன்று ஃபோர்டு, எஃப்-150 லைட்னிங் என்ற மின்சார டிரக்கை அறிமுகம் செய்தது. 9.6 கிலோவாட் வரை கொடுக்கும், சராசரி வீட்டை மூன்று நாள் வரை தாங்கும் என்றார்கள். அறிமுகத்தில் அடிக்கடி காட்டப்பட்டது, இருண்ட தெருவில் ஒரே ஒரு வீடு ஒளிர்கிற படம். அதே ஆண்டில் டெக்சஸ் சட்டமன்றமும் மின்நிலையங்கள் குளிருக்குத் தயாராக இருப்பதைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டது. முதலாவதை எல்லோரும் பார்த்தோம். இரண்டாவதற்கு விளம்பரப் படம் கிடையாது.

டிரக்கின் ப்ளக்கை நான் குறை சொல்லவில்லை. அந்த இரவில் எனக்கு அது கிடைத்திருந்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். மாடல் டி-யை ஜாக்கி வைத்துத் தூக்கிய விவசாயியும் தப்பு செய்யவில்லை. கம்பி வராத இடத்தில் வேறென்ன செய்வான்? ஆனால் அவன் ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்தான். காரில் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தபோதே பக்கத்துப் பண்ணைக்குப் போய் 5 டாலர் கேட்டான். இன்று வீட்டுக்கே கரன்ட் கொடுக்கும் புது டிரக்கின் விலை 40,000 டாலருக்குக் குறையாது. அதை நிறுத்த சொந்த முற்றம் வேண்டும். மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருப்பவர் ஆரஞ்சு ஒயரை எங்கிருந்து இழுப்பார்?

நம்ம வீட்டில் மட்டும் வெளிச்சம் இருந்தால் போதும் என்று வசதியுள்ளவர்கள் நிம்மதி அடைந்துவிட்டால், கம்பத்தைப் பற்றிக் கேள்வி கேட்க மிஞ்சுபவர்கள் வசதியற்றவர்கள் மட்டும்தான். அவர்கள் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்பது நமக்குத் தெரியும்.

ஒரு கணக்கோடு முடிக்கிறேன். 7.2 கிலோவாட் வண்டி ஒன்று, 350 வாட் எடுக்கும் ஆக்சிஜன் கருவிகள் இருபதைத் தாங்கும். இருபது வீடு. ஆனால் அந்த இருபது வீட்டுக்கும் ஒயர் எட்டாது. தூரம் கூடக் கூட ஒயரில் வோல்ட் இறங்கும், தடிமனான ஒயர் வேண்டும், சாலையைத் தாண்ட வேண்டும், மழையில் நனையாமல் உயரத்தில் தூக்கிக் கட்ட வேண்டும். யார் வீட்டுக்கு முதலில் என்று உட்கார்ந்து பேச வேண்டும். பெட்ரோலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட வேண்டும். ஒயர் அறுந்தால் சரிசெய்ய ஒருவரை வைக்க வேண்டும்.

1938-இல் ஹில் கன்ட்ரியில் ஐந்து ஐந்து டாலராகச் சேர்த்தவர்கள் செய்ததும் அதைத்தான்.